கையில் நின்ற கிழங்கு

அப்புத்துரை எதையும் இரண்டாம் தரம் பார்க்காமல் நம்பமாட்டார். தபால்காரன் கொண்டுவரும் கடிதத்தை உடைப்பதற்கு முன்னம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். றேடியோக்காரன் மழை வரும் என்றால் முற்றத்துக்கு இறங்கி வானத்தைப் பார்த்துவிட்டு "பொய்" என்பார். மழை வந்துவிட்டாலோ, "உது அவன் சொன்ன மழையில்லை, வேறை மழை" என்பார். அப்படிப்பட்ட மனுசன், எண்பத்திரண்டாம் ஆண்டுத் தைப்பொங்கலுக்கு மகள் சறோஜினிதேவி கொழும்பிலிருந்து தலையணை மொத்தத்தில் ஒரு கடதாசிக் கட்டோடு வந்து இறங்கி, "ஒண்டுமில்லை ஐயா" என்று சொன்னதை எப்படி நம்புவார்?

பொங்கலன்று அவள் பொங்கலைத் தின்னாமல் கிண்டிக் கிண்டி வைத்தாள். அடுத்த நாள் மாட்டுக்குப் பொங்கினார்கள். அதற்கும் வந்து நின்றாளே தவிர மனம் அங்கே இல்லை. நேரம் கிடைத்தபோதெல்லாம் அந்தக் கடதாசியை விரித்துவைத்துப் பென்சிலால் கோடு கீறிக்கொண்டிருந்தாள். இரண்டு கரையிலும் ஓட்டை ஓட்டையாக, மடித்து மடித்து, விரித்தால் கிணற்றடி வரைக்கும் போகும்போல ஒரு கடதாசி. அதிலே இங்கிலீசில் சின்னச் சின்ன வரிகள். அப்புத்துரை மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அந்த வரிகளை அவர் தூரத்தில் நின்று பார்த்தார். ஒரு வரியும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"என்ன பிள்ளை, அந்தப் பெட்டி ஏதும் பிழை விட்டிட்டுதோ?"

கொம்பியூட்டரை அவர் பெட்டி என்றுதான் சொல்லுவார்.

"பெட்டி பிழை விடாது ஐயா. நான்தான் எங்கையோ விட்டிட்டன்."

"அப்பிடிச் சொல்லாதை. முதலிலை பெட்டியைச் சந்தேகப்படு."

அவள் சிரிக்கவில்லை. அது அவருக்கு நெஞ்சிலே தட்டியது. சின்ன வயதிலிருந்தே அவர் எதையாவது சந்தேகப்பட்டுப் பேசினால் முதலில் சிரிக்கிறவள் அவள்தான்.

அவள் கொழும்புக்கு வேலைக்குப் போனதே அவருக்கு விருப்பமில்லாத காரியம். அவர் பதினாலு வயதில் இரத்தினபுரிக்குப் போய், சாப்பாட்டுக்கடையில் மேசை துடைத்து, பிறகு தானே ஒரு சாப்பாட்டுக்கடை போட்டு நடத்தினவர். எழுபத்தேழாம் ஆண்டு ஆவணியில் தமிழரை அடித்துக் கலைத்த குழப்பத்தில் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு, உடுத்த சாரத்தோடு சொந்த ஊரான புங்குடுதீவுக்கு வந்து சேர்ந்தவர். பூட்டின கதவுக்கு உள்ளே என்ன மிஞ்சியது என்று அவர் போய்ப் பார்க்கவில்லை. அதைப்பற்றி ஒருவரோடும் கதைப்பதுமில்லை. "இனி எங்கடை வீட்டிலையிருந்து ஆரும் அங்காலை போகத் தேவையில்லை" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். மகள் படித்து, சோதனை எழுதி, வேலையும் எடுத்து, உடுப்புப் பெட்டியோடு படலையில் வந்து நின்றபோது அவர் ஆட்டுக்குக் குழை வெட்டுகிற சாட்டில் வளவின் கோடிக்குப் போய்விட்டார். பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனது பெண்சாதி அன்னபூரணம்தான்.

சனிக்கிழமை காலமை அன்னபூரணம் குசினிக்குப் பின்னால் கல் வைத்துப் பெரிய பானையை ஏற்றினாள். பாத்தியிலிருந்து கிளறின பனங்கிழங்கு மூன்று ஓலைக் கடகம் இருந்தது. மகள் ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகும்போது அவித்துக் கட்டிக் கொடுப்பதற்கு. அப்புத்துரை பலகையில் குந்தியிருந்து கிழங்கின் தோலை உரித்து, வாலை வெட்டிக்கொண்டிருந்தார். சறோஜினிதேவி கடதாசியோடு வந்து பக்கத்தில் இருந்தாள். அப்போதுதான் வாய் திறந்தாள்.

அவள் வேலை செய்வது கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தையல் ஆலையில். அங்கே பெட்டைகள் பகுதி பகுதியாக இருந்து தைக்கிறார்கள். மத்தியானச் சாப்பாடு ஆலை கொடுக்கிற சோற்றுப் பாசல். ஒவ்வொரு பகுதிக்கும் ஆர் ஆர் என்று பெயர்களை அடித்துக் கொம்பியூட்டருக்குள்ளே ஒரு பைலாக வைத்திருக்கிறார்கள். ஒரு வரிக்கு ஒரு பெயர். புதிதாக வருகிற ஆளின் பெயரை அடியிலே சேர்ப்பார்கள். இந்தக் கடதாசியில் இருக்கிற, இவள் எழுதின புரோக்கிராம் அந்தப் பைலை வரி வரியாக வாசித்து, தாளில் அச்சடித்துச் சமையல்கட்டுக்குக் கொடுக்கும். தாளில் பெயர் இருந்தால் பாசல் வரும்.

"நல்லாத்தானே இருக்கு" என்றாள் அன்னபூரணம்.

"போன மாதம் யசவதி எண்டு ஒரு சிங்களப் பிள்ளை என்னட்டை வந்தவள் அம்மா. தலை குனிஞ்சு நிண்டுகொண்டு, 'மிஸ், நான் இஞ்சை வேலை செய்யிறன்தானே?' எண்டு கேட்டவள். வேலைக்குச் சேர்ந்த நாளிலையிருந்து அவளுக்குப் பாசல் வரேல்லை. புது ஆள், பேர் ஏறச் சுணங்கும் எண்டு எல்லாரும் சொன்னவையாம். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திட்டாள்."

அப்புத்துரையின் கையில் கத்தி நின்றது.

"அப்ப, மத்தியானம் என்ன திண்டவள்?"

"பக்கத்து மிசினிலை இருக்கிற பிள்ளை தன்ரையிலை பாதி குடுத்தவள்."

"அவளுக்கும் பாதி வயிறு. என்ன கோதாரி உது!"

"நான் உடனை பைலைத் திறந்து பாத்தனான் ஐயா. யசவதியின்ரை பேர் வடிவாய் இருக்கு. ஒரு எழுத்துப் பிழையில்லை. ஆனால் தாளிலை இல்லை. அந்த ஒரு வரியை மிசின் ஏன் காணேல்லை எண்டு நானும் பாக்கிறன், பாக்கிறன்... இப்ப அவளுக்குத் துண்டு எழுதிக் குடுத்துப் பாசல் எடுக்கிறன். ஆனால் இன்னும் எத்தினை பேர் வாய் திறக்காமல் இருக்கினமோ?" பென்சிலைக் கீழே வைத்தாள். "திங்கட்கிழமை காலமை பிழையைக் காட்டவேணுமாம். இல்லாட்டிப் பழையபடி கையாலை எழுதிறதாம். என்னை வரவேண்டாமாம்."

திங்கட்கிழமை. அப்புத்துரை கிழங்கின் வாலை ஒரே வெட்டில் வெட்டினார். பக்கத்துத் தீவான வேலணையில், கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்குப் பார்க்க ஆள் தேவையென்று பரராசசிங்கம் மாஸ்டர் சொல்லியிருந்தார். அப்புத்துரையும் "பிள்ளையைக் கேட்டுச் சொல்லுறன்" என்று சொல்லி வைத்திருந்தார். பின்னேரம் வீட்டுக்கு வரலாம். கடல் கடந்து மெயில் ரெயிலில் விடிய விடியப் போகத் தேவையில்லை. இன்னும் இரண்டு நாள் அந்தப் பிழை ஒளித்திருந்தால் போதும். இப்படி நினைத்ததும், பாசல் கிடைக்காத அந்தப் பெட்டையின் பாதி வயிறு அவருக்கு நினைவு வந்தது. இரண்டு நினைவும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உள்ளே கிடந்தன.

"ஐயா" என்றாள் மகள். "எனக்கு ஒரு உதவி. நீங்கள் கொஞ்ச நேரம் கொம்பியூட்டராய் இருக்கவேணும்."

"என்னைப் பார்த்தால் உனக்கு அப்பிடித் தெரியுதோ?"

அன்னபூரணம் அடுப்பை ஊதினபடியே சிரித்தாள். "சொன்னதைச் சொன்னபடி செய்யிறதெல்லோ மிசின்? உவரைப் பிடிச்சியே? முப்பது வருசமாய் நான் காணாத புதினம்."

"நீர் அடுப்பைப் பாரும்."

மகள் விளங்கப்படுத்தினாள். கடகம்தான் பைல். ஒரு கிழங்கு ஒரு வரி, ஒரு ஆள். பானைதான் தாள். தான் எழுதினதை ஒவ்வொன்றாகச் சொல்லித் தருவாள். அதை மட்டும் அவர் செய்யவேண்டும்.

"முதல் ஒரு கிழங்கைக் கையிலை எடுங்கோ. இப்ப கடகத்தைப் பாருங்கோ. கடகத்திலை இன்னும் கிடந்தால், கையிலை இருக்கிறதைப் பானையிலை போட்டிட்டு அடுத்ததைக் கையிலை எடுங்கோ. திரும்பக் கடகத்தைப் பாருங்கோ. அப்பிடியே செய்துகொண்டு போங்கோ. கடகம் வெறுமையெண்டால் நிப்பாட்டுங்கோ. அவ்வளவுதான்."

"உதுக்கு ஒரு சோதனை பாஸ் பண்ணி, கொழும்புக்கும் போகவேணுமோ?"

"ஐயா!"

"சரி, சரி."

ஒரு கிழங்கை எடுத்தார். கடகத்தைப் பார்த்தார். போட்டார். அடுத்ததை எடுத்தார். கொஞ்சம் போனதும் ஒரு கிழங்கு கறுத்து அழுகிப்போய் வந்தது. அதை ஆட்டுப்பக்கம் எறிந்தார்.

"ஐயோ, அது ஆள் ஐயா! ஆளைத் தூக்கி ஆட்டுக்குப் போட்டிட்டீங்களே!"

"அழுகின ஆள்."

"மிசினுக்கு அழுகினது, நல்லது தெரியாது. எடுத்துக்கொண்டு வாங்கோ."

முணுமுணுத்துக்கொண்டு எழும்பிப் போய், ஆட்டின் வாயிலிருந்து அதைப் பறித்துக்கொண்டு வந்தார். கடகம் முடிந்தது. கையைச் சாரத்தில் துடைத்தார். மகள் எட்டிப் பார்த்தாள். கடகத்தில் ஒன்றுமில்லை. எல்லாம் பானைக்குள். கடதாசியில் ஒரு சின்னச் சரி போட்டாள்.

இரண்டாவது கடகமும் அப்படியே. எல்லாம் பானைக்குள்.

"இதிலை பிழையில்லை" என்றாள் அவள், தனக்குத்தானே சொல்லுகிற மாதிரி. "வாசிக்கிற இடம் சரி. மற்ற இடமெல்லாம் முதலே பாத்திட்டன். இனிப் பாக்க ஒரு இடமும் இல்லை."

கடதாசியை மடித்தாள். மடிப்பு மடிப்பாக, பொறுமையாக, செத்தவருடைய சேலையை மடித்து வைக்கிற மாதிரி மடித்தாள்.

"நான் நாளைக்குப் போகேல்லை ஐயா. வரேல்லை எண்டு தந்தி அடிச்சு விடுவம்."

இதைக் கேட்கத்தானே இவ்வளவு நாளும் காத்திருந்தார்? காதில் விழுந்ததும் மனம் குளிரும் என்று நினைத்தார். குளிரவில்லை. மகளின் முகம் அப்படி இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அதுக்கென்ன பிள்ளை, ஏன் யோசிக்கிறாய்? வேலணைச் சங்கக்கடையிலை ஒரு இடம் இருக்கு. மாஸ்டரோடை நான் முதலே கதைச்சு வைச்சிட்டன்..."

"முதலேயோ?"

அன்னபூரணம் அடுப்படியிலிருந்து நிமிர்ந்து, 'கெடுத்தீங்களே' என்கிற மாதிரிப் புருசனைப் பார்த்தாள்.

"நான் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க முதலே, கண்டுபிடிக்கமாட்டன் எண்டு முடிவு கட்டியிட்டீங்கள்" என்றாள் சறோஜினிதேவி. "என்னை ஒரு நாளாவது நம்பினனீங்களே ஐயா? றேடியோவை நம்பவேண்டாம், தபால்காரனை நம்பவேண்டாம். நான் உங்கடை பிள்ளை. நான் ஒரு சொல்லுச் சொல்லி, அதை அப்பிடியே ஒருக்கால் கேட்டிருக்கிறீங்களே? ஒரு கிழங்கு போடுறதுக்குக்கூட உங்களுக்கு உங்கடை எண்ணம்தானே!"

எழும்பிப் போய்க் கிணற்றுக் கட்டில், இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள்.

அப்புத்துரைக்கு முகம் இருண்டது.

"சரி" என்றார், கிணற்றடிக்குக் கேட்கத் தக்கதாக. "இனி இந்த வீட்டிலை எனக்கு எண்ணமில்லை. மகள் என்ன சொன்னவவோ அதுதான். ஒரு மயிர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

மூன்றாவது கடகத்தை இழுத்து முன்னால் வைத்தார். கோபத்தில் வேலை செய்வதென்றால் அவரைவிட ஒழுங்காக ஒருவரும் செய்யமாட்டார்கள். ஒரு கிழங்கைக் கையில் எடுத்தார். கடகத்தைப் பார்த்தார். "கிடக்கு" என்று உரத்துச் சொன்னார். பானையில் போட்டார். அடுத்ததை எடுத்தார். "கிடக்கு." போட்டார். அழுகினது வந்தது. "எனக்கு அழுகினதும் தெரியாது, நல்லதும் தெரியாது" என்று சொல்லிப் போட்டார். ஆடு பார்த்துக்கொண்டு நின்றது. அன்னபூரணம் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவர் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

கடகம் வெறுமையாகியது.

கடைசியாக எடுத்த கிழங்கு கையில் இருந்தது. கடகத்தைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. "வெறுமை" என்றார். வெறுமையெண்டால் நிப்பாட்டச் சொன்னவள். நிப்பாட்டினார். கிழங்கு கையில் நின்றது.

"என்ன, வேல் பிடிச்ச மாதிரிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறீங்கள்?" என்றாள் அன்னபூரணம். "போடுங்கோவன். தண்ணி கொதிக்குது."

"போடச் சொல்லேல்லை."

"விசர்க்கதை கதையாதேங்கோ. முதல் ரெண்டு கடகத்துக்கும் போட்டனீங்கள்தானே?"

"போட்டனான். அது என்ரை எண்ணம். ஆரும் ஒண்டைக் கையிலை வைச்சுக்கொண்டு போவினமே? இப்ப எனக்கு எண்ணமில்லை."

சொல்லிவிட்டுத்தான் அவர் கையைப் பார்த்தார். ஒல்லியான கிழங்கு. கடகத்தின் அடியில், மற்றக் கிழங்குகளின் பாரத்துக்குக் கீழே கிடந்தது. கடகத்திலும் இல்லை, பானையிலும் இல்லை. இரத்தினபுரியில் கடை பூட்டுகிற நேரம் ஒவ்வொரு நாளும் சோற்றுப் பானையை வழிப்பதற்கு முன்னம் வாசலுக்கு வந்து றோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வழிப்பார். வேலை முடிந்து பிந்தி வருகிற ஒருவன் எப்போதும் இருப்பான்.

புதிதாக வருகிற ஆளை அடியிலே சேர்ப்பார்கள் என்று மகள் முதலே சொல்லியிருந்தாள்.

மகள் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை. பானை பக்கத்தில்தான். கையை விட்டால் 'டுப்' என்று விழும், அவ்வளவுதான். தந்தி போகும். சங்கக்கடை, பின்னேர பஸ், வீடு. அன்னபூரணம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. சிரிப்பை மட்டும் நிறுத்தியிருந்தாள்.

"பிள்ளை" என்றார் அப்புத்துரை. குரல் அவருடைய குரல் மாதிரி இல்லை. "இஞ்சை ஒருக்கால் வா. இது என்ரை கையிலை நிக்குது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேண்டாவெறுப்பாகத் திரும்பினாள். வெறுங் கடகத்தைப் பார்த்தாள். பானையைப் பார்த்தாள். தகப்பனுடைய கையைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"நீ சொன்னபடிதான் செய்தனான்" என்றார் அவர், குற்றம் செய்த ஆள் மாதிரி.

"முதல் ரெண்டு தரமும்?"

"ரெண்டு தரமும் போட்டிட்டன். நீ சொல்ல மறந்து போனாயாக்கும் எண்டு நினைச்சன். பிழையெண்டு காட்டி உன்னை ஏன் நோகப்பண்ணுவான் எண்டு..."

அவள் ஓடிவந்து கடதாசியை விரித்தாள். மடிப்பெல்லாம் மண்ணில் புரண்டது. ஓரிடத்தில் விரலை வைத்தாள். "வாசிச்சதை எழுத முதல் பைல் முடிஞ்சுதோ எண்டு பாக்கிறன்... முடிஞ்சிட்டால் வெளியிலை வந்திடுறன்... கையிலை இருக்கிறதை..." பாதியில் நிறுத்தினாள். "ஐயோ ஐயா, யசவதியின்ரை வரியிலை ஒரு பிழையும் இல்லை! அவள் கடைசி. அவளுக்குப் பிறகு அந்தப் பகுதிக்கு ஒருத்தரும் சேரேல்லை. மற்றப் பகுதிகளிலை புதுசாய் ஒரு ஆள் வந்தோடனை முந்தின ஆளுக்குப் பாசல் வந்திடும். அதுதான் எல்லாரும் 'பேர் ஏறச் சுணங்கும்' எண்டு விட்டிட்டினம். எல்லாப் பகுதியிலையும் கடைசி ஆள் பட்டினி!"

"திருத்த ஏலுமோ?"

"ஒரு வரி ஐயா. நிப்பாட்ட முதல் கையிலை இருக்கிறதையும் போடு. ஒரேயொரு வரி."

அழுகையும் சிரிப்புமாக அவர் முன்னால் குந்தினாள். கிழங்கு பிடித்த அவருடைய கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துப் பானைக்கு மேலே கொண்டுபோனாள். "இப்ப விடுங்கோ" என்றாள்.

விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மடத்துவெளிச் சந்தியில் சனம். பொங்கலுக்கு வந்தவர்களெல்லாம் திரும்பிப் போகிறார்கள். இந்தப் பஸ்ஸை விட்டால் இரவு மெயில் ரெயிலைப் பிடிக்க ஏலாது. இந்த முறை அப்புத்துரை குழை வெட்டப் போகவில்லை. அவித்த கிழங்குப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு மகளுக்குப் பின்னால் வந்தார்.

"இதிலை பாதி அந்தப் பிள்ளைக்குக் குடு" என்றார்.

"யசவதிக்கோ? அவளுக்கு இதைத் தின்னத் தெரியுமோ தெரியாது ஐயா."

"ஏன் தெரியாது? இரத்தினபுரியிலை எங்கடை கடையிலை அவையின்ரை ஆக்கள் கேட்டு வாங்கித் திண்டவை." இவ்வளவு காலத்தில் கடையைப்பற்றி அவர் சொன்ன முதல் சொல் அது. "நடுவிலை தும்பு இருக்கும், அதை எடுத்துப்போட்டுத் தின்னச் சொல்லு. சிங்களத்திலை வடிவாய் விளங்கப்படுத்து."

பஸ் வந்தது. இடிபட்டுக்கொண்டு ஏறினார்கள். சறோஜினிதேவி எல்லோரையும் ஏற விட்டுக் கடைசியாகப் பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு, பொட்டலத்தை வாங்கக் கையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்துக் கொண்டக்டர் "ரைட்!" என்று மணியை அடித்துவிட்டான். பஸ் அசைந்தது. பெட்டி உள்ளே, பெண் றோட்டில்.

ஒரு கணம்தான். அப்புத்துரை பேசாமல் நின்றிருந்தால் போதும். திங்கட்கிழமை தானாகவே தவறியிருக்கும். அன்னபூரணம் அவரைத்தான் பார்த்தாள். அவர் பாய்ந்துபோய்ப் பஸ்ஸின் தகட்டில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார்.

"டேய்! நிப்பாட்டடா! ஆள் கீழை நிக்குது!"

பஸ் குலுங்கி நின்றது. கொண்டக்டர் தலையை நீட்டினான். "எல்லாரும் ஏறியிட்டினம் எண்டு நினைச்சன் அண்ணை."

"நினைச்சாய்! கீழை பாத்தனியோ? முதல் கீழை பார். பேந்து மணியை அடி."

சறோஜினிதேவி மிதிபலகையில் நின்று சிரித்தாள், முந்தியைப்போல, வாய்விட்டு. அவர் பொட்டலத்தை அவளுடைய நெஞ்சோடு அணைத்துக் கொடுத்தார். பிறகு கொண்டக்டரைப் பார்த்து, "இப்ப அடி" என்றார்.

கடலுக்கு நடுவே போகிற தாம்போதியில் ஏறிப் பஸ் சிறுத்துப்போகும் வரைக்கும் இரண்டு பேரும் சந்தியில் நின்றார்கள். திரும்பி நடக்கும்போது அன்னபூரணம் மெல்லக் கேட்டாள்.

"போக விட்டிட்டீங்கள், என்ன?"

"நான் எங்கை விட்டனான்?" என்றார் அப்புத்துரை. "அவள் சொன்னதைத்தானே செய்தனான்."

சொல்லிவிட்டு, பஸ் போன றோட்டை இரண்டாம் தரம் திரும்பிப் பார்த்தார்.